கம்பெனி பஸ்ஸில் சந்தித்த இரண்டு வீரர்கள்

லிங்கராஜபுரம் மேம்பாலத்தின் அடியில் காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் வரும். பொம்மசந்திரா போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். திருப்பத்தூரிலிருந்து வந்து ஒற்றை அறையில் குடியிருந்த எனக்குப் பேச்சுத்துணை என்று யாரும் இல்லை. பஸ்ஸில் காமிக்ஸ் படித்துக்கொண்டு போவேன்.

ஒரு நாள் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார். எங்கள் ஆலையில் சூப்பர்வைசர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"யாரு தம்பி இவன், சும்னே எல்லாரையும் சுட்டுத் தள்றான்?"

"சும்மா இல்லண்ணா. அவன் குடும்பத்தையே கொன்னுட்டாங்க. அதான் கோர்ட்டு, போலீஸ் எதையும் நம்ப மாட்டான்."

"நான் படிச்ச ஹீரோ வேற மாரி. அங்கி போட்டுக்கினு பறந்து வருவான். திருடனைப் புடிச்சி போலீஸ்ல குடுத்துட்டுப் போய்டுவான். ஒருத்தனையும் கொல்ல மாட்டான்." சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "ரெண்டு பேரும் ஒரே ஊர்ல மாட்டிக்கினா?"

அப்படித்தான் தொடங்கியது. அந்த இரண்டு ஹீரோக்களும் வேறு வேறு பதிப்பகத்து ஆட்கள். எந்தப் புத்தகத்திலும் சந்தித்ததில்லை. நாங்கள் சந்திக்க வைத்தோம். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பஸ் நிற்கும்போதெல்லாம் கதை ஓடும். ஆள்கடத்தல்காரன் ஒருவனை மொட்டைமாடியில் என் ஆள் மடக்கிவிட்டான். அவர் ஆள் குறுக்கே வந்து நின்றான்.

"தள்ளி நில்லு," என்றேன்.

"முடிஞ்சா என்னைச் சுட்டுட்டு அவனைச் சுடு," என்றார் அவர். முன்சீட்டுப் பெண் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த வருஷம் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த பஸ்ஸில் மட்டும்தான்.

ஆலையில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. அவருடைய பிரிவில் இருந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் பிரேக் பாகங்களை அளந்து பார்க்காமலே அளவுகளைக் குறித்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். முதலில் என் பஸ் நண்பரான சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

"அந்த லாட்டுல இருக்கற பாகம் எல்லாத்தையும் நிறுத்தி வச்சுட்டு முழுக்க அளக்கச் சொல்றேன். அவனாண்ட நான் பேசறேன். ஒரு நாள் குடு," என்றார்.

நான் கொடுக்கவில்லை. அன்று மதியமே மேனேஜருக்கு எழுதிவிட்டேன். மறுநாள் அந்த மனிதர் வேலையில் இல்லை.

நான் செய்தது தவறென்று இன்றும் சொல்ல மாட்டேன். அது பிரேக். ஆனால் எழுதி அனுப்பியபோது எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை சூப்பர்வைசர் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

அதற்கு அடுத்த நாள் பஸ்ஸில் அவர் பின்சீட்டுக்குப் போனார். சண்டை இல்லை, பேச்சும் இல்லை. இரண்டு வாரம் கழித்து மதிய ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டார். என் பக்கத்தில் காதில் இயர்போனோடு வேறு யாரோ தூங்கிக்கொண்டு வந்தார்கள். கதையை நானே போனில் எழுதிப் பார்த்தேன். என் ஆள் பக்கம் பக்கமாகப் பேசினான். அவர் ஆளுக்கு ஒரு வரிகூட எனக்கு வரவில்லை.

மூன்று மாதம் பொறுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். அவர் மனைவி கேக்கும் டீயும் கொடுத்தார். மழையைப் பற்றி, மெட்ரோ வேலையைப் பற்றிப் பேசினோம். கிளம்பும்போது கேட்டுவிட்டேன்.

"அவரு இப்ப எங்கண்ணா இருக்காரு?"

"ஓசூர்ல. எனக்குத் தெரிஞ்ச ஒர்க்‌ஷாப்ல நான்தான் சேத்து வுட்டேன். இப்ப ஒழுங்கா அளக்கறான்." அவர் குரலில் கோபமே இல்லை.

வாசல்வரை வந்தார். "நம்ம கதை பாதியில நிக்குதண்ணா," என்றேன்.

"நீயே முடிச்சுடு தம்பி," என்று சிரித்தபடி கேட்டைச் சாத்தினார்.

வெயில் ஏறியிருந்தது. அறைக்கு நடந்தே போய்விடலாம். ஆனாலும் நிறுத்தத்தில் முதலில் வந்த பஸ்ஸில் ஏறி, பக்கத்து இருக்கையைக் காலியாக விட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, சிவாஜிநகர் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.