கொக்கியில் தொங்கிய சிவப்புப் பை

போன வாரம் ஒரு கோப்பை பார்லித் தண்ணீர் என்னிடம் திரும்பி வந்தது. ஊற்றிக் கொடுத்தது அப்படியே.

நான் சிங்கப்பூரில், பிடோக்கில் ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் சமைக்கிறேன். பழைய வாசகர்களுக்குத் தெரியும். சோறு திரும்பி வந்தால் உப்பைப் பார்ப்பேன். தண்ணீர் திரும்பி வந்தால்... எதைப் பார்ப்பது?

கோப்பை தாரிணியுடையது. மூன்றரை வயது. அவளுடைய உண்மைப் பெயர் அது இல்லை. எழுத வேண்டாம் என்று பட்டது, எழுதவில்லை. பார்லி என்றால் இன்னொன்று கேட்கிற பிள்ளை. அன்றைக்குச் சூப்பும் வேண்டாம் என்றாள். அவளுடைய தண்ணீர் போத்தலைத் தூக்கிப் பார்த்தேன். கனமாகவே இருந்தது.

சமையலறை வாசலில் நிறுத்திக் கேட்டேன்.

"ஏன்டா குட்டி, குடிக்கல?"

"குடிச்சா ஷூஷூ வரும்."

"வந்தா போலாமே?"

"அதுக்குள்ள வந்துடும் ஆன்ட்டி. அப்புறம் ரெட் பேக்."

கையை நீட்டிச் சுவரைக் காட்டினாள். அங்கேதான் பிள்ளைகளின் பைகள் கொக்கியில் தொங்கும்.

எங்கள் நிலையத்தில் மதியம் தூங்கி எழுந்ததும் எல்லாப் பிள்ளைகளும் குளிப்பார்கள். கழற்றிய துணி அவரவர் பைக்குள் போகும். ஒன்றுக்குப் போய் நனைத்துவிட்ட துணி மட்டும் தனி. சிவப்பு பிளாஸ்டிக் பையில் கட்டி, வெளியே தொங்கவிடுவார்கள். தேக்கா மார்க்கெட்டில் மீன் போட்டுத் தருவார்களே — அதே மாதிரிப் பை. அழைக்க வருகிற அம்மா அப்பா கண்ணில் பட வேண்டும் என்றுதான் சிவப்பு.

பட்டது. எல்லார் கண்ணிலும் பட்டது. ஈத்தன் என்று ஒரு பையன். பாட்டே கட்டிவிட்டான். "ரெட் பேக், ரெட் பேக், ஷேம் ஷேம்!"

வாணி டீச்சரிடம் சொன்னேன். நல்ல பெண். பிள்ளை நனைத்தால் முகம் சுளிக்கமாட்டார். கதவைச் சாத்திவிட்டு, வேறு ஏதோ பேசிக்கொண்டே துணி மாற்றுவார்.

"நான் யாரு முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்றதில்லயே, ஆன்ட்டி."

"நீங்க சொல்றதில்ல டீச்சர். பை சொல்லிடுது."

"உள்ள வச்சா வீட்டுல யாரும் திறந்து பாக்கமாட்டாங்க லா. வெள்ளிக்கிழமை போறது திங்கக்கிழமை அப்படியே திரும்பி வருது. நாத்தம்... நீங்க வந்து மோந்து பாருங்க."

அதுவும் நியாயம்தான். நான் வெங்காயம் உரிக்கப் போனேன்.

மறுநாள் காலையில் தாரிணியின் அப்பா வந்தார். வாசலிலேயே குரல் உயர்ந்தது.

"ஒன்னுக்குப் போனா எரியுதுன்னு ராத்திரி ஒரே அழுகை. தண்ணியே பத்தலங்கிறாரு டாக்டர். நீங்க என்ன, இங்க தண்ணியே குடுக்கிறதில்லயா?"

டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் கரண்டியோடு வெளியே வந்தேன்.

"குடுக்கிறோம் தம்பி. அவதான் குடிக்கமாட்டேங்கிறா. ரெட் பேக்குக்குப் பயம்."

அவர் கொக்கிகளைப் பார்த்தார். முந்தின வாரம் லிப்ட் வாசலில் அத்தனை பேர் நிற்கும்போது அந்தப் பையைத் தூக்கிப் பிடித்து, "இன்னைக்குமா?" என்று சிரித்தவர் அவர்தான். விளையாட்டுக்குத்தான் கேட்டார். அவள் சிரிக்கவில்லை. நான் பார்த்தேன்.

நமக்கு எப்படி இருக்கும்? சட்டையில் கொஞ்சம் காபி கொட்டினால் போதும். எம்ஆர்டி ரயிலில் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கும் இடம் வரை நிற்கிறோம். நம் கழுத்தில் யாராவது சிவப்புப் பை மாட்டுகிறார்களா? மூன்றரை வயதுக்கு மட்டும் மானம் கிடையாதா?

அன்று மதியம் பிள்ளைகள் குளித்து முடித்தார்கள். வாணி டீச்சர் ஒரு கட்டு சிவப்புப் பையை எடுத்தார். நனைந்தது, காய்ந்தது, எல்லார் துணியும் அதற்குள் போனது. எல்லாக் கொக்கியிலும் ஒவ்வொன்று. சுவரே சீனப் புத்தாண்டு போல் ஆகிவிட்டது. "இப்போ எல்லாரும் திறந்து பாத்துத்தான் ஆகணும்," என்றார்.

ஈத்தன் தன் கொக்கியைப் பார்த்தான். பாட்டுக்கு வாயைத் திறந்தான். மூடினான்.

"டீச்சர், மைன் சோ ஸ்மால்! ஐ வான்ட் பிக் ஒன்!"

தாரிணி உடனே குடித்தாளா? இல்லை. கோப்பையை வாயில் வைத்துக்கொண்டு கொக்கிகளைப் பார்த்தாள். ஒரு மிடறு குடித்தாள். அவ்வளவுதான். மறுநாள் இன்னும் கொஞ்சம். நான் கோப்பையை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை கோப்பை காலி. "இன்னும் ஆன்ட்டி," என்று நீட்டினாள். எரிச்சலும் போய்விட்டது என்று டீச்சர் சொன்னார்.

சாயங்காலம் அப்பா வந்தார். மகளைத் தூக்கிக்கொண்டார். சிவப்புப் பையைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். வெளியே ஒன்றும் தெரியவில்லை. என் பக்கம் வந்து, அவளுக்குக் கேட்காமல், "அக்கா... இன்னைக்கு?" என்று புருவத்தைத் தூக்கினார்.

"துவைக்கும்போது தெரியும், தம்பி," என்றேன்.

நீங்களும் என்னைக் கேட்காதீர்கள்.