பலகையின் கடைசி வரி

வலையக்காவிடம் யோசனை கேட்காமல் அந்தப் புல்வெளிச் சாலையில் இறங்கியவர்கள் மிகக் குறைவு. நானூறு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் புல்லைத் தவிர வேறொன்றும் கிடையாது, குடிக்க ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடைக்காது. இந்த முனையில் ஒரு பெட்ரோல் பங்க். அதை நடத்துபவர் அவளுடைய கணவர். பங்கை ஒட்டிய அறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு அவள் வண்டிகளுக்கு வலை தைத்துக் கொடுப்பாள். கோடையில் காய்ந்த புல்லின் விதை பறந்து வந்து ரேடியேட்டரை அடைத்துக்கொள்ளும். அப்புறம் இன்ஜின் கொதிக்காமல் என்ன செய்யும்? அதற்குத்தான் வண்டியின் முகத்தில் கட்டுகிற அந்தக் கொசுவலை. அவளுக்குப் பெயரும் அதனால்தான் வந்தது.

அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதில் தெரிவது பெட்ரோல் போடும் இயந்திரத்தின் முதுகு. பத்தொன்பது வருஷமாக அந்த முதுகைப் பார்த்தே அவளுக்குக் கண் பூத்துப்போயிருந்தது.

போகிறவர்கள் எல்லாரும் அவளிடம் நின்று கேட்பார்கள். அவளும் சளைக்காமல் சொல்வாள். வலையை ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருதரம் நிறுத்தி உதறு. வண்டியைப் புல் மேல் ஏற்றி நிறுத்தாதே, சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும். தாகம் எடுக்கும் முன்னே தண்ணீர் குடி. வண்டி நின்றுபோனால் அதை விட்டு நகராதே, இடுப்பளவு புல்லில் திசை தெரியாது. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால், ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு பெயின்டரைப் பிடித்து எல்லாவற்றையும் பலகையில் எழுதச் சொன்னாள். எழுதி முடித்த பெயின்டர் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, கீழ இன்னும் ஒரு வரிக்கு இடமிருக்கு. மொட்டையா விட்டா பார்க்க நல்லா இருக்காது. ஏதாச்சும் சொல்லுங்க."

"இன்ஜின் ஒருதரம் கொதிச்சா மேல போகாதே, திரும்பிடு. போட்டுக்கோங்க."

யார் சொன்னார்கள் அவளுக்கு? ஒருத்தரும் சொல்லவில்லை. வாயில் வந்தது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் போய்த் திரும்பியவர்கள் சொன்னது. ஏனென்றால் வலையக்கா அந்தச் சாலையில் ஒரு நாளும் போனதில்லை.

சிரிக்காதீர்கள். உண்மை அதுதான். யாராவது "நீங்க எத்தனை தடவை போயிருக்கீங்க?" என்று கேட்டால், "அதையெல்லாம் யாரு எண்ணிக்கிட்டு இருக்கா!" என்று கூசாமல் சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடிப்பாள். வெளியே பெட்ரோல் போட்டுக்கொண்டிருக்கும் கணவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

போக ஆசை இல்லாமலா? அவளைத் தூக்கி வளர்த்த அக்கா வாழ்க்கைப்பட்டு அந்த முனை நகரத்தில்தான் இருக்கிறாள். ஆனால் பஸ் கிடையாது, சொந்த வண்டி கிடையாது. கணவரைக் கேட்டால், "இந்த சீசன் முடியட்டும்" என்பார். சீசன் முடிந்தால் மழை பிடித்துக்கொள்ளும், சாலை சேறாகிவிடும். அடுத்த சீசனில் மறுபடியும் அதே பேச்சு. பலகையை எழுதிய அன்று மட்டும் பெருமையாகப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினாள்.

இந்தக் கோடையில் அக்கா போன் செய்தாள். இதயத்தில் ஆபரேஷன், வெள்ளிக்கிழமை காலை. "பயமா இருக்குடி. அதுக்கு முன்னாடி ஒருதரம் உன் மூஞ்சியப் பார்த்துட்டா போதும்" என்றாள். அக்கா பயமாக இருக்கிறது என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் ரிட்டயரான வாத்தியார் ஒருவரும் அவர் மனைவியும் காரில் வந்தார்கள். வாத்தியார் பலகையைக் கைகட்டி நின்று இரண்டு தடவை படித்தார். பின் சீட்டு காலி. வலையக்கா கணவரிடம் போய் நின்றாள்.

"நான் போறேங்க. இனிமே உங்களக் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன்."

அவர் குழாயைக் கையில் பிடித்தபடியே, "அப்ப வலை யாரு தைப்பா?" என்றார். அவள் வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே புல் ஓடிக்கொண்டே இருந்தது. இவ்வளவு சுலபமா! பத்தொன்பது வருஷம் எந்தக் கயிறு கட்டியிருந்தது என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ஐம்பதாவது கிலோமீட்டரில் வாத்தியார் வேகத்தைக் குறைத்தார்.

"வலையை உதறணுமே அம்மா?"

"இன்னும் கொஞ்சம் போய் உதறிக்கலாம் சார். நிக்காம போங்க."

அவசரம் கண்ணை மறைத்துவிட்டது. அறுபத்திரண்டாவது கிலோமீட்டரில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது, ஆவி கிளம்பியது. வாத்தியார் பதறி ஓரத்துப் புல்லுக்குத் திருப்பப் போக, "சாலையிலயே நிறுத்துங்க!" என்று அவள் கத்தினாள். இறங்கி வலையைக் கழற்றி உதறினாள். விதை மூட்டையாகக் கொட்டியது. காரை ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, மறுபடி கிளப்பினார்கள். முள் சமர்த்தாகக் கீழே நின்றது. ஒரு குறையும் இல்லை.

வாத்தியார் காரைத் திருப்ப ஆரம்பித்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"ஒருதரம் கொதிச்சா திரும்பிடணும். நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"சார், வண்டி சரியாயிடுச்சு சார். மேல போகலாம்."

"உங்க அவசரத்துக்காக சொல்றீங்க. இத்தனை வருஷ அனுபவத்துல எழுதினது தப்பாகுமா?"

அவள் தவித்துப்போனாள். வேறு வழியில்லை. கௌரவம் போனால் போகட்டும் என்று போட்டு உடைத்தாள். "அந்தக் கடைசி வரி சும்மா எழுதினது சார். பலகையில இடம் மிச்சமிருந்துச்சு. எனக்கு அனுபவமே கிடையாது. இந்த ரோட்டுல இன்னைக்குத்தான் முதல் தடவையா வர்றேன்."

வாத்தியாரின் மனைவி திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது.

"அப்ப உங்க பேச்சை நம்பி இவ்வளவு தூரம் வந்ததே தப்பு" என்றார் வாத்தியார் மெதுவாக. காரைத் திருப்பினார். வலையக்கா கும்பிட்டாள், அழுதாள், அக்காவைப் பற்றிச் சொன்னாள். அவர் கெட்ட மனிதர் இல்லை, பயந்துவிட்ட மனிதர். கார் நிற்கவில்லை.

பங்க் வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. உச்சிக்கு மேல் அந்தச் சாலையில் யாரும் இறங்க மாட்டார்கள். வழியில் இருட்டினால் மாடு குறுக்கே வரும். அதையும் அவள்தான் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவள் அறைக்குள் போய் அக்காவுக்கு போன் போட்டாள்.

"வண்டி கொதிச்சுப்போச்சு அக்கா. திரும்பிட்டோம்."

அக்கா, "அழாதடி. திரும்பினதுதான் சரி" என்றாள். "உன்கிட்ட ஒண்ணு சொன்னதே இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி நான் உன்னப் பார்க்கக் கிளம்பினேன். உனக்குத் தெரியாம வந்து நிக்கணும்னு. முக்கால்வாசி தூரம் வந்தப்புறம் வண்டி ஒருதரம் கொதிச்சுது. டிரைவர் சரி பண்ணிட்டேன், போகலாம்னுதான் சொன்னான். நான்தான் கேட்கல. என் தங்கச்சி பலகையில எழுதி வச்சிருக்கா, அவளுக்குத் தெரியாததான்னு சொல்லித் திருப்பச் சொன்னேன்."

"அக்கா, அந்த வரி..."

"என்னடி?"

நாளைக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்துகொள்ளப்போகிறவளிடம் எதைச் சொல்வது?

"ஒண்ணுமில்ல அக்கா. நீ நல்லபடியா முடிச்சுட்டு வா."

போனை வைத்துவிட்டு, கருப்புப் பெயின்ட் டப்பாவோடு வெளியே வந்தாள். கடைசி வரியை அழுத்தி அழுத்தி அழித்தாள்.

"என்ன பண்றே? கீழ மொட்டையா இருக்கும்" என்றார் கணவர்.

"இருக்கட்டும்."

அப்போது ஒரு வேன் வந்து நின்றது. நாளைக் காலை கிளம்பப்போகிறவர்களாம், இன்றே வலை தைத்துவிட வேண்டுமாம். டிரைவர் இறங்கி வந்து பலகையைப் படித்தார். பிறகு மரியாதையாகக் கேட்டார், "நீங்க இந்த ரோட்டுல எவ்வளவு போயிருப்பீங்க அக்கா?"

"அறுபத்திரண்டு கிலோமீட்டர்" என்றாள் வலையக்கா.