கார் முன்னுக்குத்தான் போனது

பெற்ற மகளை றிவேர்ஸில் கொண்டுபோய்க் கட்டிக்கொடுத்த மனுசன் என்று என்னைப் பற்றி ஒரு கதை உலாவுகிறது. உடுவிலில் தொடங்கிய கதை, ரொறன்ரோவில் இருக்கிற மச்சானிடம் போய், அங்கே நாலு பேரிடம் கைமாறி, கொழுத்துத் திரும்பி வந்திருக்கிறது. போன கிழமை சந்தையில் முன்பின் தெரியாத ஒருவர், எனக்கு வெங்காயம் நிறுத்துக்கொண்டே என்னிடமே கேட்கிறார்: "உடுவிலிலை ஒருத்தர் பொம்பிளையை றிவேர்ஸிலை மண்டபத்துக்குக் கொண்டுபோனவராம். கேள்விப்பட்டனீங்களோ?"

"ஓம். ஆரோ விசரனாம்" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாயால் சொன்னால் ஒருவரும் நம்பப் போவதில்லை. எழுத்தில் வைக்கிறேன். கார் முன்னுக்குத்தான் போனது. கியர் மட்டும்தான் றிவேர்ஸ்.

கலியாணத்துக்கு நாள் வைத்தபோது மகள் கேட்டது ஒன்றே ஒன்று. அம்மா பொம்பிளையாய் வந்து இறங்கிய காரிலேதான் தானும் போய் மண்டபத்தில் இறங்க வேண்டும். அந்தக் கார் எங்கள் கொட்டிலில் நின்றது. ஏ-40 என்கிற இங்கிலாந்துக் கார். என்னைவிட மூப்பு. சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்; எஞ்சினில் இன்றைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. கியர்தான் தளர்ந்துவிட்டது. மூன்றாம் கியரைப் போட்டால் கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் தானாகக் கழன்று நடுவில் வந்து நிற்கும். கலியாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, மருதனார்மடச் சந்தியில், ஸ்டியரிங்கோடு ஒட்டி இருக்கிற கியர்த் தடி முழுதாகக் கழன்று என் கையோடு வந்தது. பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான். நிதானமான மனிதன் என்றால் இறங்கிக் காரைத் தள்ளியிருப்பான். நான் அந்தத் தடியை யன்னலுக்கு வெளியே நீட்டி, வலப்பக்கம் திரும்பப் போகிறேன் என்று சைகை காட்டினேன். பதகளிப்பு வந்தால் என் மூளை இப்படித்தான் வேலை செய்யும்.

பழைய கியர்பொக்ஸையும் பின் அச்சையும் எறிந்துவிட்டு, உடைத்து விற்கிற யப்பான் வான் ஒன்றின் ஐந்து கியர் பொக்ஸையும் அதே வானின் பின் அச்சையும் பூட்டுவது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். மனைவிக்கு அது பிடிக்கவில்லை.

"எஞ்சின் ஒரு நாட்டுக்காரன், கியர் இன்னொரு நாட்டுக்காரன். ரெண்டும் என்ன பாசையிலை கதைக்கப் போகினம்?" என்றாள்.

"அதைக் கதைக்க வைக்கத்தான் மெக்கானிக் இருக்கிறார்" என்றேன்.

மெக்கானிக் குருநகர் ஆள், கத்தோலிக்கர். வள்ள எஞ்சின் திருத்துவதில் அவரை அடிக்க அங்கே ஆள் இல்லை. காலையில் மோட்டார்சைக்கிளில் வந்து எங்கள் மாமரத்தின் கீழ்ச் சாக்கை விரித்துப் படுத்தாரென்றால் பொழுது சாயும்வரை காருக்குக் கீழேதான். வேலையில் பொய் இல்லை. கியர்பொக்ஸை எஞ்சினோடு பொருத்த வேண்டிய தகட்டைத் தானே வெட்டிச் செய்தார். கியரிலிருந்து பின் அச்சுக்குப் போகிற நீளத் தண்டை அளவுக்குக் குறுக்கி ஒட்டினார். றிவேர்ஸ் போட்டால் பின்னால் வெள்ளை லைட் எரிகிற மாதிரி ஒரு வயரும் இழுத்துவிட்டார். நான் கேட்காத லைட் அது. பிறகு என் மானத்தை வாங்கிய லைட்.

பின் அச்சுத்தான் அடம் பிடித்தது. வானுக்கு வில் தகடு உட்காரும் இடம் அச்சுக்கு மேலே, என் காருக்கு அச்சுக்குக் கீழே. மெக்கானிக் யோசித்துவிட்டுச் சொன்னார்: "உதைக் கவிட்டுப் போட்டால் அப்பிடியே இருக்கும் அண்ணை."

கவிழ்த்துப் போட்டார். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்து "அருமை" என்று சொன்னேன். சொன்னதை மறைக்கவில்லை. ஒன்றே ஒன்று எனக்கு இடித்தது.

"எண்ணெய் வடிக்கிற நட்டு ஏன் மேலை நிக்குது?"

"யப்பான்காரன் ஒவ்வொண்டையும் ஒவ்வொரு மாதிரித்தான் செய்வான்" என்றார். இரண்டு பேரும் யப்பான்காரனை நினைத்து ஒரு பாட்டம் சிரித்தோம்.

கலியாணம் ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை பின்னேரம் வேலை முடிந்தது. மெக்கானிக் பின் சில்லுகளைக் கல் வைத்து உயர்த்தி, எஞ்சினை ஓடவிட்டு, முதலாம் கியரைப் போட்டுவிட்டுக் கீழே புகுந்தார். சில்லு சுற்றியது. காருக்குக் கீழே மல்லாந்து கிடந்த மெக்கானிக் "சுத்துது அண்ணை" என்றார். பக்கத்தில் நின்ற நான் "சுத்துது, சுத்துது" என்றேன். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் பார்க்கத் தோன்றவில்லை.

"சுன்னாகம் வரைக்கும் ஒருக்கா ஓடிப் பாத்துக்கொண்டு வருவம்" என்றார் அவர்.

இந்த இடத்தில்தான் நான் ஒரு பெரிய மனிதத் தோரணையோடு கையை உயர்த்தினேன். "பூசை முடியாமல் ஒரு அடியும் ஓடக்கூடாது. கலியாணக் கார்."

"எங்கடை ஆக்கள் வள்ளத்தை ஒருக்கா ஓடிப் பாத்துப்போட்டுத்தான் தண்ணி தெளிக்கச் சுவாமியைக் கூப்பிடுவினம் அண்ணை."

"அது உங்கடை முறை. இது எங்கடை முறை."

அப்படி ஒரு முறை எங்களுக்கும் இல்லை. ஓடிப் பார்த்து ஏதும் நடந்துவிடுமோ என்ற பயத்துக்கு நான் வைத்த பெயர் முறை. அவரும் பாவம், மற்றவர் சமயத்தில் தலையிடக்கூடாது என்று சாக்கைச் சுருட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து பேர் சேர்ந்து காரைத் தள்ளிக்கொண்டு ஒழுங்கை முனையில் இருக்கிற பிள்ளையார் கோயிலடிக்குப் போனோம். ஐயர் தேங்காய் உடைத்தார். முன் சில்லு ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு இரண்டாக நாலு தேசிக்காய் வைத்தார். கார் முன்னுக்கு ஏறி அவற்றை நசித்துக்கொண்டு போக வேண்டும். கண்ணூறு எல்லாம் அதோடு போய்விடும். கலியாணத்துக்கு வந்து நின்ற சொந்தம் முழுக்கக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தது. முதலாம் கியரைப் போட்டு, பூவைத் தொடுகிறதுபோலக் கிளட்சை விட்டேன்.

கார் பின்னுக்குப் போனது.

தள்ளிக்கொண்டு வந்தவர்கள் பகிடிக்கு இழுக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, கியர் சரியாக விழவில்லை என்று நினைத்து இரண்டாம் கியரைப் போட்டேன். இன்னும் வேகமாகப் பின்னுக்குப் போனது. பதகளித்தவனின் கால் பிறேக்கில் இருக்காது. ஐயரின் மோட்டார்சைக்கிளை விழுத்தி, திருப்பணிக்குக் குவித்திருந்த மணலில் ஏறிக் கார் நின்றது. ஒருவருக்கும் காயம் இல்லை. எதிரே நாலு தேசிக்காயும் வைத்தது வைத்தபடி இருந்தன.

"தேசிக்காய் நசியேல்லையே" என்றார் ஐயர். தன்னுடைய மோட்டார்சைக்கிளைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

மெக்கானிக் மணலில் படுத்துக் காருக்குக் கீழே போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்து, கண்ணைப் பாராமல் சொன்னார்: "பிழை என்ரைதான் அண்ணை. அச்சைக் கவிட்டுப் போட்டால் சில்லு எதிர்ப்பக்கம் சுத்தும். வள்ளத்திலை உந்தப் பிரச்சினை வாறேல்லை."

"ஐஞ்சு கியர் எண்டு சொன்னனீர்" என்று கத்தினேன்.

"இருக்குத்தானே. ஐஞ்சும் பின்னுக்கு இருக்கு. முன்னுக்கு ஒண்டு இருக்கு."

அச்சைக் கழற்றி, ஒட்டியதை வெட்டி, மாற்றி ஒட்டிப் பூட்ட நாலு நாள் வேண்டுமாம். எங்களிடம் இருந்தது இரண்டு. நான் கோயிலடியில் நின்றே எல்லாரையும் ஏசினேன். மெக்கானிக்கை, யப்பான்காரனை, படம் பிடித்தவர்களை, ஓடிப் பார்க்க விடாத மடையன் யார் என்று கேட்டு என்னையும். மனைவி குனிந்து நாலு தேசிக்காயையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். "நான் சொன்னனான்" என்று சொல்வதைவிட அது கூடச் சுட்டது. மச்சான் ஒருவர் ஒரு வெள்ளைக் காருக்கு ஏற்கனவே ரெலிபோன் எடுத்துவிட்டார்.

அப்போதுதான் மகள் வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள்.

"அப்பா, முன்னுக்கு ஒரு கியர் இருக்காம்."

"அது றிவேர்ஸ், பிள்ளை."

"பேரை விடுங்கோ. முன்னுக்குப் போகுமோ, போகாதோ?"

"போகும்."

அவள் மெக்கானிக்கைப் பார்த்தாள். "எவ்வளவு வேகம்?"

"மனிசர் ஓடுற வேகம் வரும் தங்கச்சி. அதுக்கு மேலை எஞ்சின் கத்தும்."

"இஞ்சையிருந்து மண்டபம் அரை மைலும் இல்லை. முன்னாலை மேளகாரர் போகினம். அவை ஓடுறேல்லை, நடக்கிறவை. காணும்தானே?"

"இடையிலை நிண்டால்?" என்றேன்.

"நிண்டால் நான் இறங்கி நடக்கிறன். அந்த வெள்ளைக் காரை வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

சனிக்கிழமை முழுக்க ஒழுங்கையில் பழகினேன். முன்னுக்குப் போக றிவேர்ஸ், பின்னுக்கு வர முதலாம் கியர். கியர்த் தடியின் தலையில் மனைவி ஒரு துண்டுக் கடதாசி ஒட்டினாள்: "நினைக்கிறதுக்கு எதிர்". எங்கள் வீட்டில் என் யோசனைகளுக்கு அவள் காலம்காலமாய் வைத்திருக்கிற சட்டமும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மகள் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வந்து பின்சீற்றில் ஏறினாள். ஐயர் விடவில்லை; புதிதாக நாலு தேசிக்காய் கொண்டுவந்து வைத்தார். மெக்கானிக் கழுவித் தேய்த்த சட்டையோடு காருக்குப் பின்னால் நின்றார், திரும்பவும் பின்னுக்குப் போனால் தன்மேல் ஏறட்டும் என்பதுபோல. மேளம் தொடங்கியது. றிவேர்ஸைப் போட்டேன். கிளட்சை விட்டேன். ஒரு நசிவுச் சத்தம் கேட்டது, பிறகு இன்னொன்று.

"நாலும் நசிஞ்சுது அப்பா" என்றாள் மகள் பின்னாலிருந்து. "இனிக் கண்ணைத் திறவுங்கோ. மேளகாரர் முன்னாலை போகினம்."

திறந்தேன். கார் போய்க்கொண்டிருந்தது. றிவேர்ஸ் கியர் ஊளையிடுகிற சத்தத்துக்கு நாதஸ்வரக்காரர் இரண்டு தரம் திரும்பி முறைத்தார். பின்னால் நடந்து வந்தவர்கள் பார்த்தது வழி முழுக்க எரிந்த அந்த வெள்ளை லைட்டை. சனிக்கிழமை அதன் வயரை வெட்ட எனக்கும் நினைவு வரவில்லை, மெக்கானிக்குக்கும் வரவில்லை. லைட் எரிந்தால் றிவேர்ஸ். றிவேர்ஸ் என்றால் பின்னுக்கு. வெள்ளிக்கிழமை எடுத்த வீடியோவை இதோடு சேர்த்து ஒட்டிவிட்டார்கள், கதை முடிந்தது. தங்கள் கண்ணுக்கு முன்னால் கார் எந்தப் பக்கம் போனது என்பதை மட்டும் ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

மண்டப வாசலில் மகள் இறங்கினாள். இறங்கியதும் காரின் கூரையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனாள். நான் அங்கேயே அசையாமல் இருந்தேன். வாகனம் ஒழுங்குபடுத்துகிறவர் ஓடி வந்தார்.

"அண்ணை, மாப்பிளையின்ரை ஆக்கள் வருகினம். கெதியாப் பின்னுக்கு எடுங்கோ."

அதற்கு என்னிடம் ஐந்து கியர் இருந்தது.