தூணில் இருந்த எண்ணெய்க் கறை

என் அக்காவுக்கு அழுக்கு என்றால் ஆகாது. என் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும்போதே ஜன்னல் கம்பியில் விரலை ஓட்டிப் பார்த்துவிடுவாள். அப்படிப்பட்டவள், தான் கூட்டிப் பெருக்கிய பழைய வழிபாட்டுக் கூடத்தில் ஒரே ஓர் அழுக்கில் மட்டும் கை வைத்ததில்லை. நடுத்தூணில், உட்கார்ந்தால் தலை படுகிற உயரத்தில், கருத்துப்போன எண்ணெய்க் கறை அது. கும்பிட வந்தவர்கள் காலங்காலமாகச் சாய்ந்து சாய்ந்து உண்டானது.

அவள் மகளும் அதில்தான் சாய்வாள். காய்ச்சலில் போய்ச் சேருவதற்குக் கொஞ்ச நாள் முன்புகூட, அம்மா வேலையை முடிக்கட்டும் என்று அங்கே சாய்ந்து தூங்கியிருக்கிறாள். அவள் போன பிறகு அக்கா தினமும் துடைப்பத்தை வைத்துவிட்டு, அந்தக் கறையில் தன் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் இருப்பாள். அவளுக்கு இருந்த ஆறுதல் அவ்வளவுதான்.

கும்பிட வருகிற குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியூர் போய்விட, கூடத்தை என்ன செய்வது என்று கேள்வி வந்தது. எங்கள் ஊரில் ஏற்கெனவே இரண்டு கூடங்களுக்கு இந்தக் கதி வந்திருந்தது. கடைத்தெருவில் இருப்பதைச் சுற்றிக் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று பலகை மாட்டிவிட்டார்கள். வௌவாலுக்கு மட்டும் விதிவிலக்கு போலிருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் எட்டிப் பார்க்க முடியும். ஆற்றோரத்துக் கூடத்தை நூலகம் ஆக்கினார்கள். உடைந்த இடத்தில் கைக்குக் கிடைத்த கல், ஒழுகிய இடத்தில் தகரம். பார்க்கச் சகிக்காது. ஆனால் பிள்ளைகள் தூணில் சாய்ந்துகொண்டு படிக்கும்.

"நம்மளதையும் இப்படிப் பண்ணிட்டா போதும்டி. அசிங்கமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். ஆளுங்க வந்து உக்காருறாங்கல்ல" என்றாள் அக்கா.

அவளை யார் கேட்டார்கள்? உணவகம் என்று முடிவாயிற்று. கட்டடத்தின் ஆன்மாவைக் காப்பாற்றப் போவதாகப் பொறியாளர் பேசினார். அதற்காக அவர் முதலில் இறக்கியது ஆசிட் கேன்களை. அக்கா ஓடிப்போய் நடுத்தூணை மறைத்து நின்றாள்.

"சார், இந்த ஒரு இடத்த மட்டும் விட்டுடுங்க."

"அது அழுக்கும்மா."

"தெரியும் சார். இத்தன வருஷமா நான்தான இங்க கூட்டுறேன்."

அவர் சிரித்தார். அடுத்த நாள் அந்தத் தூண் புதுப் பல்செட் மாதிரி வெளுத்துக் கிடந்தது. அக்கா அழவில்லை. வீட்டில் சுத்தமாக இருந்த சமையலறையைத் திரும்பத் திரும்பக் கழுவினாள்.

உணவகம் திறந்ததும் அங்கேயே துப்புரவு வேலைக்குப் போனாள். "மானங்கெட்ட வேலை, விட்டுத் தொலை" என்றேன். "தூணு அங்கதான இருக்கு" என்றாள்.

ஒருநாள் அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்கப் போயிருந்தேன். ஜனங்கள் கண்ணை மூடி நின்ற இடத்தில் ஐஸ்கிரீம் பெட்டி. கை கூப்பிய இடத்தில் கை துடைக்கும் காகிதம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். எல்லாத் தூண்களிலும், தலை படுகிற உயரத்தில், ஒரே அளவில் கரும்பழுப்பாக வட்டம் வட்டமாக இருந்தது. கிட்டே போனால் வார்னிஷ் நாற்றம்.

மேனேஜர் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இத மட்டும் தேச்சுடாதீங்கம்மா. ரொம்ப வெள்ளையா இருக்கு, பழைய இடம்னே தெரியலன்னு கஸ்டமருங்க சொன்னாங்க. ஆர்டிஸ்ட வரவழச்சுப் போட்டிருக்கோம். காலங்காலமா பக்தர்கள் தல சாஞ்ச கறைன்னு மெனு கார்டுலயே எழுதியாச்சு."

தூ! இருந்ததை அமிலம் ஊற்றி அழித்துவிட்டு, இல்லாததற்குக் கதை எழுதி விற்கிறார்கள்.

அக்கா நடுத்தூணுக்குப் போனாள். அந்த வட்டத்தை முகர்ந்து பார்த்தாள். முகம் சுளித்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பி நாரை எடுத்து, இரண்டு கையாலும் அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள்.

மேனேஜர் பதறி ஓடி வந்தார். "ஐயோ, என்னம்மா பண்றீங்க?"

"அழுக்கு சார்" என்றாள் அக்கா. தேய்ப்பதை நிறுத்தவில்லை.