ஊத்தங்கரை மானியம்

பெண்ணைப் பார்க்காமல் சீர்வரிசையை மட்டும் பார்த்துச் சம்மதம் சொல்லும் மாப்பிள்ளைகளைக் கேலி செய்து வந்தவன் நான். ஐம்பது வயதில் என் அட்டைப்பெட்டித் தொழிலுக்கு அதையே செய்தேன். என் பெட்டிகளை வாங்குவது ஓசூரில் உள்ள ஒரே ஒரு தொழிற்சாலை. ஆனாலும் பின்தங்கிய வட்டாரங்களில் மானியம் அதிகம் என்று கேட்டதும், ஓசூரில் இருந்த பட்டறையை நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊத்தங்கரைக்கு மாற்றத் துணிந்துவிட்டேன்.

கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் அலுவலகத்தில் விண்ணப்பத்தைப் படித்த அதிகாரியம்மா கேட்டார்: "பெட்டி எப்பெப்போ அனுப்பணும் சார்?"

"ஷிப்டுக்கு ஷிப்ட் மேடம். லேட்டானா ஆர்டரை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"வழியில சானமாவு காட்டுல யானை ரோட்டுக்கு வந்துட்டா?"

லாரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன்.

"மானியமே இல்லன்னா ஊத்தங்கரைக்குப் போவீங்களா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு சார் போறீங்க? ஓசூர்லயே மெஷின் வாங்க வேற திட்டம் இருக்கு. மானியம் கம்மிதான், ஆனா ஆர்டர் கைய விட்டுப் போகாது."

பேசாமல் முத்திரை குத்தியிருந்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. என் தொழில்தான் போயிருக்கும். பேருந்தில் திரும்பும்போதுதான் எனக்கே அது உறைத்தது.

மானியம் இல்லாவிட்டால் போவீர்களா என்று அவர் கேட்டதை வீட்டில் வியந்து சொன்னேன்.

"போன மாசம் நானும் இதையேதான் கேட்டேன்," என்றாள் மனைவி. "நீங்க தலைய நிமிர்த்தாம மானியத் திட்டப் புக்கு படிச்சிட்டு இருந்தீங்க."