பெரட்டுப் பாட்டு செல்லம்மாவுடையது

செல்லம்மா பாடிய பாட்டை எழுதிக் கொடுத்தவள் நான் என்று ராசா ஊரில் அவருடைய துக்க வீட்டில் ஒருவர் பேசினாராம். அது தவறு. செல்லம்மா இறந்த செய்தி தெமியாங்கில் இருக்கும் எனக்கு அடக்கம் முடிந்த பிறகுதான் வந்தது. இல்லையென்றால் அங்கேயே எழுந்து மறுத்திருப்பேன். நான் கான்வென்ட்டில் படித்தவள். ஜப்பான்காரன் காலத்தில் எனக்குத் தமிழில் ஒரு கடிதம்கூட ஒழுங்காக எழுதத் தெரியாது. நினைவு மலரிலும் அந்தப் பாட்டு என் பெயரில் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மலர்க் குழுவினரான உங்களுக்கு அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணி. செல்லம்மா அங்கே பால் மரம் வெட்டியவர். என்னைவிடச் சற்று மூத்தவர். வெள்ளைக்காரனை எதிர்த்த விடுதலைப் படைக்கு ஆள் சேர்க்க வந்த பேச்சாளர், அச்சடித்த பாட்டுத் தாளோடு வந்தார். இமயம், கங்கை என்று கம்பீரமான தமிழ். அவர் பாடி முடிப்பதற்குள் பெண்கள் தட்டில் சூடம் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள். கங்கை என்ற சொல்லை அவர்கள் பஜனையில்தான் கேட்டிருந்தார்கள். பேச்சாளரின் முகம் சிவந்துவிட்டது. செல்லம்மா மட்டும் சிரிக்காமல் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்கய்யா, துன்னூறு எடுத்துக்குங்க. நாளைக்கு நாங்க ஒன்னு பாடுறோம்."

மறுநாள் பாடியது பெரட்டுப் பாட்டு. காலையில் வேலைக்கு முன், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் எல்லாரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. வராதவருக்கு வீட்டார் பதில் சொல்ல வேண்டும். செல்லம்மா மண்டோரைப் போலவே பெயர்களைக் கூப்பிட்டுப் பாடினார். எல்லாம் சயாமில் ரயில் பாதை போட ஜப்பானியர் பிடித்துப் போனவர்களின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் கூட்டத்திலிருந்து ஒரு மனைவியோ தாயோ "சயாம்" என்றாள். கடைசிப் பெயர் அவருடைய புருஷனுடையது. அதற்கு அவரே பதில் சொல்லி, "அந்த எடத்துல நான் நிக்கிறேன்" என்று முடித்தார். அன்று படையில் சேரப் பெயர் கொடுத்தவர்களில் பெண்களே அதிகம்.

பேச்சாளருக்குப் பாட்டு வேண்டும், பெயர்கள் வேண்டாம். ஜப்பானியர் நம் பக்கம் நிற்கும்போது அவர்களைச் சங்கடப்படுத்தலாமா என்றார்.

"பேரு இல்லாம பெரட்டு ஏதுங்கய்யா? வேற ஆளப் பாத்துக்குங்க" என்றார் செல்லம்மா.

வேறு ஆள் கிடைக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஜப்பானிய அதிகாரி ஒருவரே வந்து முன்வரிசையில் அமர்ந்தார். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும் என்று என்னை அருகில் உட்காரவைத்தார்கள். செல்லம்மா ஒரு பெயரையும் விடாமல் பாடினார். என்ன பாடுகிறாள் என்று அதிகாரி கேட்டார். சயாம் வழியாகப் போருக்குப் போகும் படையில் சேர்ந்தவர்களின் பெயர்கள் என்றேன். அவர் கைதட்டினார், நானும் கூடவே தட்டினேன். பிறகு செல்லம்மா என்னிடம், "கிராணி மவளே, இங்கிலீசு இதுக்காவது ஒதவுச்சுலா" என்றார்.

செல்லம்மா படை முகாமுக்குப் போனார், திரும்பி வந்தார். புருஷன் வரவில்லை. பின்னாளில் மேடைகளில் பெயர்களை விட்டுவிட்டு வீரமாகப் பாடச் சொன்னபோதெல்லாம் அவர் பாடவே மறுத்தார். இப்போது நீங்களும் அந்த வரிகளை நீக்கியிருக்கிறீர்கள். அவர்கள் யாரென்று வாசகருக்குத் தெரியாதாம். தெரியாது என்பதால்தான் அச்சிட வேண்டும்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பெயர்கள்தான், அவர் பாடிய வரிசையிலேயே. இத்துடன் எழுதி இணைத்திருக்கிறேன். என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போடுவீர்களா, இவற்றையும் சேர்ப்பீர்களா? தொலைபேசியில் சொல்ல வேண்டாம். மலர் அச்சுக்குப் போகுமுன் எழுத்தில் பதில் அனுப்புங்கள்.