சுவர் தாண்டாத கோழி

ஓய்வு பெற்ற பிறகு நான் வளர்த்த கோழிகள் ஒன்பது. முட்டையின் நிறத்துக்காகவே வளர்த்தேன். மூன்று வெள்ளை போடும், நான்கு தவிட்டு நிறம், ஒன்று ரோஸ் சாடை. ஒன்பதாவது மட்டும் பச்சை. நீலம் கலந்த பச்சை, மை பாட்டில் கழுவிய தண்ணீர் மாதிரி. என்னோடு வேலை பார்த்த ஒருவர் வெளிநாட்டு ஜாதிக் கலப்பு என்று சொல்லி, அடை வைக்க ஆறு முட்டைகள் அனுப்பியிருந்தார். பொரித்தவை நான்கு. காக்கை இரண்டைத் தூக்கியது, கீரி ஒன்றை. மிச்சம் இது. கண்பட்டுவிடும் என்று பச்சை முட்டைகளை நான் யாருக்கும் காட்டியதில்லை. அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பேன்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரின் உயரம் நாலரை அடி. சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டம்மாள், தன் கீரைப் பாத்தியை என் கோழிகள் கிளறிவிட்டன என்று ஒரு முறை தெருவைக் கூட்டிச் சண்டை போட்டார். அன்றே ஒவ்வொன்றுக்கும் இடது இறக்கையில் ஏழு இறகுகளை வெட்டிவிட்டேன். "இனிமே என் கோழி சுவர் தாண்டாது. தாண்டினா புடிச்சுக் கொழம்பு வெச்சுக்குங்க" என்று எல்லார் முன்னாலும் சத்தியம் செய்தேன்.

எங்கள் இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்த்தவள் வெள்ளிமலையிலிருந்து பிழைக்க வந்தவள். தெருவில் மொத்தம் ஐந்து வீடுகள் அவளுக்கு. ஒரு மகளை விடுதியில் சேர்த்துப் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு மருமகளுக்கு இரண்டு முறை கரு கலைந்து, மூன்றாவதற்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் முற்பகலில் அந்தம்மாள் அலறினார். அவர்கள் கொல்லைச் சாம்பல் குழியில் ஒரு பச்சை முட்டை கிடந்தது.

"யாரோ மந்திரிச்சு வெச்சிட்டுப் போயிருக்காங்கடி! வெளியாளுன்னு இந்த வூட்டுக்குள்ள வர்றது நீ ஒருத்திதான். மலைக்காரி புத்தி போவுமா?"

"யம்மா, எம் பொண்ணு மேல சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"இன்னாத்துக்குடி தெரியும்? மூணாவதையும் முழுங்கப் பாக்கிறியா?"

நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அன்று பச்சை வரவேண்டிய நாள், வரவில்லை. வெட்டிய இறகுகள் உதிர்ந்து புது இறகு வளர்ந்திருந்ததை முந்தின வாரமே பார்த்திருந்தேன். பார்த்தும் மறுபடி வெட்டவில்லை. எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. முட்டையைக் கற்பூரமும் மிளகாயும் போட்டு எரித்தார்கள்.

பத்து நாளுக்குள் ஐந்து வீடுகளில் மூன்று அவளை நிறுத்திவிட்டன. எங்கள் வீடும் கோடி வீடும் மட்டும் பாக்கி. என் மனைவி தினமும் நச்சரித்தாள்: "போய்ச் சொல்லித் தொலைங்களேன்."

போனேன். "அது என் கோழியோட முட்டைம்மா."

அந்தம்மாள் சிரித்துவிட்டார். "கோழி எங்கனா பச்சையா போடுமா சார்? இன்னா, அவளுக்கு வக்காலத்தா? போடச் சொல்லிக் காட்டுங்க, நம்புறேன்."

அதற்குள் அந்தக் கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது. அடைக்கோழி முட்டையிடாது. அடையைத் தெளியவைக்க, வாளித் தண்ணீரில் கழுத்துவரை முக்கி முப்பது எண்ணுவேன். ஒரு நாளைக்கு மூன்று முறை. அதன் இறகையே பிடுங்கி மூக்குத் துவாரத்தில் குறுக்கே செருகினேன். வெறும் தரையில் கூடையைப் போட்டுக் கவிழ்த்துவைத்தேன். நாலாம் நாள் கொண்டை வெளுத்து, கண் மூடி மூடித் திறந்தது.

"வுட்டுடுங்க சார், வாயில்லாத ஜீவன்" என்றாள் மலைக்காரி.

"உனக்காகத்தான் செய்றேன்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பத்தொன்பதாம் நாள் காலை பச்சை முட்டை விழுந்தது. சூடு ஆறுவதற்குள் கோழியை ஒரு கையிலும் முட்டையை மறு கையிலும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனேன். ஆறு பேர் கூடிவிட்டார்கள். அந்தம்மாள் முட்டையை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"அப்போ அது உங்க வூட்டு முட்டதான்."

"ஆமாம்."

"உங்க கோழிதான் செவுரு தாண்டாதே. நீங்கதான சத்தியம் பண்ணீங்க? அப்ப முட்ட இன்னா நடந்து வந்துச்சா? உங்க வூட்லந்து எங்க வூட்டுக்கு வந்தவ ஒருத்திதான். உங்ககிட்ட திருடி எனக்கு வெச்சிருக்கா."

இப்படித் திரும்பும் என்று நான் நினைக்கவில்லை. இறகு வளர்ந்துவிட்டது, கோழி தாண்டிவிட்டது என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொன்னால் அந்தக் கோழியை அவரிடம் கொடுக்கவேண்டும்; அந்த ஆறு பேர் முன்னால் என் வார்த்தை பொய்யாகும்.

"நான் தினமும் எண்ணித்தான் அடைக்கிறேன்" என்றேன். "அன்னிக்கும் ஒன்பது சரியா இருந்தது."

அது உண்மை. சாயங்காலம் அடைக்கும்போது ஒன்பதும் இருந்தன.

திரும்பியபோது அவள் எங்கள் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"சார், உங்க முட்டைய நான் எடுத்தேனா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

அவள் எழுந்து கையைக் கழுவினாள். மிச்சம் பதினோரு பாத்திரங்கள் அப்படியே கிடந்தன. சாயங்காலம் கோடி வீட்டிலும் அவளை நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு அவளாகவே வரவில்லை. மறுநாள் மகளை விடுதியிலிருந்து கூட்டிக்கொண்டு வெள்ளிமலை பஸ் ஏறினாள் என்று கேள்விப்பட்டேன். பாத்திரங்களை என் மனைவி தேய்த்தாள்.

பக்கத்து வீட்டில் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆண். "மலைக்காரிய தொரத்துனதாலதான் சார் தங்குச்சு, உங்க புண்ணியம்" என்று சொல்லி அந்தம்மாள் ஜிலேபித் தட்டை நீட்டினார். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.